டால்டாவும் ஜெராக்ஸும்

சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மண்டலம் பாலசமுத்திரம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பக்கம். ஆதார் அட்டையை நீட்டித் தமிழர் ‘ஒரு ஜெராக்ஸ் எடுங்க’ என்பார். தெலுங்கர் ‘ஜிராக்ஸ் திய்யண்டி’ என்பார். டால்டாவோ இரு வீட்டுச் சமையலறையிலும் டால்டாதான். கம்பெனிகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட பெயர்கள் இவை, ஊர் எடுத்துக்கொண்டது.

டால்டா 1937-இல் லீவர் நிறுவனம் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த வனஸ்பதி. ‘டாடா’ என்ற டச்சுப் பெயரின் நடுவே லீவரின் ‘ல்’ நுழைந்து டால்டா ஆனதாகச் சொல்வார்கள். நெய் கட்டுப்படியாகாத வீட்டுக்கு நெய்யின் சாயலில் ஒரு பொருள். பலமும் அதுதான், பழியும் அதுதான். நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்றதால், வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. சர்க்கரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கினால் நல்லெண்ணெய் இளஞ்சிவப்பாகிக் கலப்படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கம்பெனி வனஸ்பதி கலந்திருந்தாலும் ஊர் சொன்னது ‘டால்டா கலந்த நெய்’ என்றுதான். பின்னாளில் டிரான்ஸ் கொழுப்பின் கெட்ட பெயரும் அதன் தலையில் விடிந்தது. 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீதமே உச்சவரம்பு.

ஜெராக்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. செஸ்டர் கார்ல்சன் 1938-இல் நியூயார்க்கில் எடுத்த முதல் உலர்நகல், 1959-இல் ‘914’ என்ற இயந்திரமாகி அலுவலகங்களுக்குள் நுழைந்தது. மங்கலான நகலைப் பார்த்து ‘ஜெராக்ஸ் சரியில்லை’ என்றால் நாம் குறை சொல்வது கடைக்காரரை. இயந்திரத்தின் மேல் பெரும்பாலும் கேனான், ரிக்கோ என்று வேறு பெயர் இருக்கும். கடைப் பலகையில் மட்டும் ஜெராக்ஸ். கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. தன் பெயரை வினைச்சொல்லாக்காதீர்கள் என்று விளம்பரமே கொடுத்துப் பார்த்தது. இந்தியாவில் அது பொதுச்சொல்லாகிவிட்டது, பதிவை நீக்குங்கள் என்று வந்த மனுவை 2012-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் தள்ளிவிட்டது. சட்டத்தில் வென்றார்கள், பேச்சில் வெல்ல முடியுமா என்ன?

வேறுபாட்டின் வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு. டால்டா ஒரு பண்டத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். பண்டத்தின் மதிப்பு சரிந்தபோது அதுவும் சரிந்தது. ஜெராக்ஸ் ‘எடு’ என்ற வினையோடு சேர்ந்துகொண்டது. இயந்திரம் மாறினாலும் செயல் இருக்கிறது. 2003-இல் டால்டா பெயரை பங்கே நிறுவனம் வாங்கி, அதே பெயரில் ரீஃபைண்ட் எண்ணெயும் விற்றது. ஆனால் சன்ஃபிளவர் எண்ணெய் வாங்க வந்தவர் ‘டால்டா கொடுங்க’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை.