புகையானுக்குப் பயந்த அரசாங்கம்

விவசாயிக்குப் புதுத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத்தான் வேளாண் விரிவாக்கம் என்கிறார்கள். கேட்க எளிது. கொண்டுபோன சரக்கே தவறாக இருந்தால் என்ன ஆகும்? இந்தோனேசியாவின் கதை அதுதான்.

ஆரம்பம் அழகானது. 1963-64 பருவத்தில் போகோர் நகரின் வேளாண் மாணவர்கள் சிலர் மேற்கு ஜாவாவின் காரவாங் மாவட்டத்தில் போய்த் தங்கினார்கள். நல்ல விதை, உரம், சரியான நீர்ப்பாசனம் என்று விவசாயிகளோடு சேர்ந்தே வயலில் இறங்கினார்கள். விளைச்சல் கூடியது. அரசாங்கம் விடுமா? 1965-ல் அதையே 'பீமாஸ்' என்ற பெயரில் நாடு தழுவிய திட்டமாக்கிவிட்டது. கடன், விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் ஒரே பொட்டலம். மாணவர்கள் வயலில் உட்கார்ந்து பேசியது போய், மேலிருந்து உத்தரவு வர ஆரம்பித்தது.

1968-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பேசி ஒப்பந்தம் போட்டார்கள். வயலுக்குச் சொந்தக்காரனைக் கேட்காமலே விமானத்தில் இருந்து மருந்து தெளித்தார்கள்! குளத்து மீன்கள் செத்தன. எதிர்ப்பு கிளம்பியது, 1970-ல் அதைக் கைவிட்டார்கள். ஆனால் மருந்து மோகம் போகவில்லை. அரசாங்கம் மருந்து விலையில் சுமார் 80 சதவீதத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய சும்மா கிடைக்கிற பொருளை யார்தான் அளந்து பயன்படுத்துவார்கள்?

இங்கேதான் புகையான் வருகிறது. நெல்லின் அடித்தூரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பழுப்புத் தத்துப்பூச்சி. தாக்கிய வயல் தீய்ந்துபோனது போல வட்டவட்டமாகக் காயும். மருந்து அடித்தால் அதைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகும். புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வெளியே வரும்போது பிடித்துத் தின்ன ஆள் இல்லை. அடிக்க அடிக்கப் பெருகும் பூச்சி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். 1970-களின் கடைசியில் பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தே காட்டினார்.

1977-ல் மட்டும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி போனது. அந்தக் காலத்தில் உலகிலேயே அதிக அரிசி இறக்குமதி செய்த நாடு இந்தோனேசியா. ஐ.ஆர்.36 என்ற எதிர்ப்புச் சக்தியுள்ள ரகம் வந்து காப்பாற்றியது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு. அடுத்த வருடமே ரோமில் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் மேடையில் அதிபர் சுகார்த்தோவுக்குப் பாராட்டு. அந்தப் பாராட்டின் ஈரம் காய்வதற்குள் 1985-86-ல் புகையான் மறுபடி வந்தது.

1986 நவம்பர் 5-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து சுகார்த்தோ ஆணையிட்டார். சிலந்தி ஆராய்ச்சி மனதை மாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. அதே வருடம் கச்சா எண்ணெய் விலை விழுந்து கஜானா மெலிந்திருந்தது. மருந்து மானியமோ வருடத்துக்கு பத்து கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. கணக்குப் புத்தகமும் சிலந்தியும் ஒரே பக்கம் நின்றன என்பதே சரி. 1989 தொடக்கத்தில் மானியம் அடியோடு நின்றது. விளைச்சல் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை.

அதே வருடம்தான் உழவர் வயல்வெளிப் பள்ளி பிறந்தது. அதுவரை விரிவாக்கப் பணியாளர் வந்து, 'இத்தனாம் நாள் இதை அடி' என்று சொல்லிவிட்டுப் போவார். இங்கே அப்படி இல்லை. சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒரு காலை, ஒரு நெல் பருவம் முழுக்க. தூரைப் பிரித்துப் பூச்சிகளை எண்ணுவார்கள், கண்டதைப் பெரிய தாளில் வரைவார்கள். கூண்டு போட்ட செடியில் புகையானையும் சிலந்தியையும் சேர்த்துவிட்டு யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இலையை வேண்டுமென்றே கிள்ளிவிட்டு, இளம்பயிர் மறுபடி தழைப்பதைக் கண்ணால் காண்பார்கள். மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்ற முடிவு அவர்களுடையது. பத்தாண்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் படித்தார்கள். தமிழ்நாடு உட்பட பல இடங்களுக்கு இந்த முறை பரவியது.

குறை இல்லாமல் இல்லை. 2004-ல் வெளிவந்த உலக வங்கிப் பொருளாதார ஆய்வாளர்களின் ஆய்வு, பள்ளியில் படித்தவர்களின் விளைச்சலிலும் மருந்துச் செலவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. வேறு ஆய்வுகள் மறுத்தன. பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது பள்ளியா, மானிய வெட்டா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்தான்.

1999-ல் திட்டத்துக்கான வெளிநாட்டுப் பணம் நின்றது. 2001-ல் விரிவாக்கத் துறை மாவட்டங்களின் கைக்குப் போனது. பல இடங்களில் ஆளும் இல்லை, பணமும் இல்லை. கிராமத்துக் கடைகளில் மருந்து டப்பாக்கள் மட்டும் விதவிதமாக வந்துகொண்டே இருந்தன. 2010-11-ல் ஜாவாவின் வயல்கள் மறுபடி வட்டவட்டமாகக் காய்ந்தன.