ஹிப்பார்க்கஸின் தொலைந்த நூல்கள்

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவிலிருந்து வானை அளந்த ஹிப்பார்க்கஸ் எழுதிய பல நூல்களுள் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. அதுவும் அவருடைய பேராய்வு அன்று. விண்மீன் கூட்டங்களைப் பாடிய அராட்டஸ் என்னும் கவிஞரும், அவருக்கு மூலமாயிருந்த யூடாக்ஸஸும் செய்த பிழைகளைச் சுட்டும் விளக்கவுரை. அச்செய்யுளைப் பலரும் விரும்பிப் படித்ததால் உரையும் சேர்ந்து பிழைத்தது போலும்.

ஏனையவற்றை விழுங்கியது பகையன்று, புகழே எனலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தாலமி, ஹிப்பார்க்கஸின் முடிவுகளைத் தம் 'அல்மகெஸ்ட்' நூலில் எடுத்தாண்டு விரிவுபடுத்தியபின், நாணற்புல் தாள்களில் இருந்த மூலங்களை மீண்டும் படியெடுக்க ஆளில்லாமற் போயிற்று. அயனசலனத்தை, அதாவது சம இரவுப் புள்ளிகள் விண்மீன்களுக்கிடையே மெல்ல நகர்வதை, ஹிப்பார்க்கஸ் கண்டறிந்த விதமும் தாலமி வாயிலாகவே தெரிகிறது: ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் டிமோகாரிஸ் குறித்துவைத்த சித்திரை விண்மீனின் நிலையைத் தம் அளவீட்டுடன் ஒப்பிட்டு, அது சுமார் 2 பாகை இடம்பெயர்ந்திருப்பதைக் கண்ட அவர், நகர்வு நூற்றாண்டுக்கு 1 பாகைக்குக் குறையாது எனக் கணித்தார். உண்மை அளவு சுமார் 1.4 பாகை, வெறுங்கண்ணால் நோக்கியவர் காட்டிய இந்த எச்சரிக்கை போற்றத்தக்கது.

அவருடைய விண்மீன் அட்டவணையும் அழிந்ததாகவே கருதப்பட்டது. ஆனால் அதன் சுவடு, பழைய எழுத்தைச் சுரண்டி மீண்டும் எழுதப்பட்ட தோலேடு ஒன்றில் தென்பட்டது; அவ்வேடு சினாய் மலையடிவாரத் துறவியர் மடத்தைச் சேர்ந்தது. அதன் சிரியாக் எழுத்துக்கு அடியில், பல அலைநீள ஒளிகளில் எடுத்த படங்கள் வழியாக, வடமுடி விண்மீன் கூட்டத்தின் அளவுகள் படிக்கப்பட்டு 2022இல் வெளியாயின. அவை ஹிப்பார்க்கஸின் காலத்து வானோடு 1 பாகைக்குள் பொருந்துகின்றன.