பத்து லட்சம் மைல் இசைத்தட்டு

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே வளர்ந்த சார்லி டேனியல்ஸ் குழுவினர் 1979ஆம் ஆண்டில் ‘மில்லியன் மைல் ரிஃப்லெக்ஷன்ஸ்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். ஊர் ஊராகச் சென்று பாடியதில் பத்து லட்சம் மைல்களைக் கடந்துவிட்டோம் என்பதே அப்பெயரின் குறிப்பு. வழிநடையையே வாழ்வாகக் கொண்டோர் அவர்கள்.

குழுவின் தலைவர் டேனியல்ஸ் 1936இல் வட கரோலினாவில் பிறந்தவர். கித்தாரும் பிடிலும் கைவந்தவர். அவருடைய இசையில் இரண்டு ஓடைகள் கலந்து ஓடின. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியோர் மலைப்பகுதிகளில் வளர்த்த பிடில் இசை ஒன்று. கறுப்பின மக்களின் துயரத்திலே பிறந்த ‘புளூஸ்’ மற்றொன்று. இவற்றோடு மின்கித்தாரின் முழக்கமும் சேர்ந்த பாணியையே ‘சதர்ன் ராக்’ என்றனர். நிறத்தால் மக்களைப் பிரித்துவைத்த முறையை 1964ஆம் ஆண்டின் சட்டம் விலக்குமுன்பே, அம்மண்ணில் செவிகள் கலந்து பழகிவிட்டன என்றே நான் கருதுகிறேன்.

நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது, பிடிலுக்கென்று ஒரு பாட்டும் இல்லை என்பது புலனாயிற்று. உடனே பணியை நிறுத்தி, ஒத்திகைக் கூடத்துக்குச் சென்று புதிதாக ஒன்றைப் புனைந்தனர். ஜார்ஜியாவுக்கு வரும் சாத்தான், ஜானி என்ற இளைஞனைப் பிடில் போட்டிக்கு அழைக்கிறான். ஜானி வென்றால் பொற்பிடில்; தோற்றால் அவன் ஆன்மா சாத்தானுக்கு! டேனியல்ஸ் இளமையில் படித்த ஸ்டீவன் வின்சென்ட் பெனேயின் கவிதை ஒன்று இக்கதைக்கு வித்திட்டது. ஜானியே வெல்கிறான். ஆயினும் சாத்தானின் வாசிப்பில் பிடில் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து சுழன்றெழுவதைக் கேட்டு, தீர்ப்புச் சரிதானோ என்று நானும் ஒரு கணம் தயங்கியதுண்டு. இடைவெளியை நிரப்ப எழுந்த அப்பாட்டு, நாட்டுப்புற இசை வரிசையில் முதலிடமும் பொது வரிசையில் மூன்றாமிடமும் பெற்று, கிராமி விருதையும் அடைந்தது.

அதன் புகழொளியில் ‘ரிஃப்லெக்ஷன்ஸ்’ என்னும் மற்றொரு பாட்டு மங்கிவிட்டது. மறைந்த பாடகர் மூவரை நினைந்து பாடியது அது: எல்விஸ் பிரெஸ்லி, ஜானிஸ் ஜாப்ளின், ரானி வான் ஸான்ட். இசைத்தட்டே வான் ஸான்ட்டின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ‘லினர்ட் ஸ்கினர்ட்’ குழுவின் பாடகரான அவர், டேனியல்ஸின் நண்பர். 1977 அக்டோபர் 20ஆம் நாள், ஓர் ஊரில் பாடி முடித்து அடுத்த ஊருக்குப் பறக்கையில், எரிபொருள் தீர்ந்து விமானம் மிசிசிப்பிக் காட்டில் வீழ்ந்தது. ஆறு பேர் மாண்டனர். டேனியல்ஸ் பத்து லட்சம் மைல் கடந்ததும் இத்தகைய பயணங்களாலேதான்.

வான் ஸான்ட்டுக்கு அப்போது வயது 29. டேனியல்ஸ் அதன் பின்னரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2020 ஜூலையில் தமது 83ஆம் வயதில் காலமானார்.