தனித்து வாழ்வதற்கான சட்ட வயது (இந்தியா)

தனித்து வாழ்வதற்கான சட்ட வயது என்பது, ஒருவர் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவு இன்றித் தம் வசிப்பிடத்தைத் தாமே தெரிவு செய்துகொள்ளச் சட்டம் இடமளிக்கும் வயது ஆகும். இந்தியாவில் இது 18 ஆகும். எனினும், வீட்டை விட்டு வெளியேறும் உரிமை என ஒன்றை எச்சட்டமும் தனியாக வகுக்கவில்லை. 18 வயது நிறைந்ததும் பாதுகாவலரின் அதிகாரம் முடிவுக்கு வருகிறது. அதன் விளைவாகவே இவ்வுரிமை கிடைக்கிறது. 18 வயது நிறையாதவர் இளவர் (பேச்சு வழக்கில் மைனர்) எனவும், நிறைந்தவர் உரிய வயதினர் (மேஜர்) எனவும் அழைக்கப்படுவர்.

சட்ட அடிப்படை

1875 ஆம் ஆண்டின் உரிய வயதுச் சட்டம் இதற்கு அடிப்படையாக உள்ளது. நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்த இளவர்களுக்கு மட்டும் இவ்வயது 21 ஆக இருந்தது. 1999 இல் செய்யப்பட்ட திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது. பிறந்த நாள் ஒரு முழு நாளாகக் கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 2008 சூன் 10 அன்று பிறந்தவர் 2026 சூன் 10 ஆம் நாள் தொடங்கும்போதே உரிய வயதை அடைகிறார். திருமணம், மணமுறிவு, தத்தெடுப்பு ஆகியவை இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ளன.

18 வயதுக்கு முன்

நீதிமன்றத்தில் மனுச் செய்து 16 அல்லது 17 வயதிலேயே பெற்றோரின் பொறுப்பிலிருந்து விடுபடும் நடைமுறை சில நாடுகளில் உள்ளது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய வழி இல்லை. பெற்றோரின் இசைவுடன் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்குவதற்குத் தடையில்லை. அப்போதும் பாதுகாவலர் பெற்றோரே ஆவர்.

இளவர் தாமாக வீட்டை விட்டுச் செல்வது குற்றம் அன்று. ஆயினும், பாதுகாவலர் 1890 ஆம் ஆண்டின் பாதுகாவலர், காப்பிலுள்ளோர் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தை அணுகலாம். திரும்பி வருவது இளவரின் நலனுக்கு உகந்தது என நீதிமன்றம் கருதினால் மட்டுமே அவ்வாறு ஆணையிடும். காணாமற்போன குழந்தை குறித்த புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013 இல் காவல்துறைக்கு ஆணையிட்டது.

நடைமுறைத் தடைகளும் உள்ளன. இளவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 ஆம் ஆண்டின் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு முதல் நிலைபெற்ற விதியாகும். எனவே, இளவர் தம் பெயரில் செய்துகொள்ளும் வாடகை ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. 14 வயது நிறையாதவரை, சில விலக்குகள் தவிர, வேலைக்கு அமர்த்துவதும், 18 வயது நிறையாதவரை இடர்மிக்க தொழில்களில் அமர்த்துவதும் 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தடை செய்யப்பட்டுள்ளன.

ஆட்கடத்தல் குற்றமும் வரதராசன் வழக்கும்

வெளியேறும் இளவரைவிட அவரை அழைத்துச் செல்பவரே சட்டத்தின் பிடியில் சிக்கக்கூடியவர். இளவரைப் பாதுகாவலரின் காப்பிலிருந்து இசைவின்றி அழைத்துச் செல்வதும் ஆசைகாட்டி வெளியேறச் செய்வதும் ஆட்கடத்தல் ஆகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கான வயது வரம்பு ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 என இருந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இருபாலர்க்கும் 18 ஆகும்.

இக்குற்றத்தின் எல்லையை வரையறுத்த தீர்ப்பு, எஸ். வரதராசன் எதிர் சென்னை மாநிலம் என்னும் வழக்கில் 1964 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்ததாகும். 18 வயது நிறையச் சில வாரங்களே இருந்த சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர், தாமே தொலைபேசியில் அழைத்து, தாம் விரும்பியவருடன் சென்றார். அழைத்துச் செல்வது வேறு, தானாக வந்தவரை உடன்வர விடுவது வேறு எனக் கூறிய நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. ஆயினும், இளவரின் மனத்தில் வெளியேறும் எண்ணத்தை உருவாக்குவதில் ஒருவருக்குப் பங்கு இருந்தால் அது குற்றமாகலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. மேலும், 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவருடனான பாலுறவில் அவரது இசைவு கருத்திற் கொள்ளப்படாது.

வீட்டில் வாழ இயலாத சிறார்

வன்முறை, புறக்கணிப்பு, கட்டாயத் திருமணம் போன்ற காரணங்களால் வீட்டில் இருக்க இயலாத சிறாருக்கு 2015 ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 1098 என்னும் இலவச உதவி எண்ணை அவர்களே அழைக்கலாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழந்தை நேரடியாகவும் குழுவின் முன் வரலாம். பெற்றோரிடம் திருப்பி அனுப்புவதா, தகுதியுள்ள வேறொருவரிடமோ இல்லத்திலோ ஒப்படைப்பதா என்பதைக் குழு முடிவு செய்யும். 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி வழங்கவும் சட்டத்தில் இடமுண்டு.

18 வயதுக்குப் பின்

உரிய வயதை அடைந்தவரை அவர் விருப்பத்திற்கு மாறாக வீட்டிற்கு அழைத்து வரப் பெற்றோருக்கோ காவல்துறைக்கோ அதிகாரம் இல்லை. பெற்றோர் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தால், நீதிமன்றம் அவரை நேரில் வரவழைத்து, சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டுள்ளாரா எனக் கேட்டறியும். இல்லை எனத் தெரிந்தால், அவர் விரும்பும் இடத்திற்குச் செல்லலாம். 18 வயது நிறைந்த மகள் தாயிடம் வராமல் குவைத்தில் தந்தையுடன் வாழ விரும்பிய ஒரு வழக்கில், நீதிமன்றம் பாதுகாவலரின் இடத்தை எடுத்துக்கொள்ள இயலாது என உச்ச நீதிமன்றம் 2018 சனவரியில் தீர்ப்பளித்தது.

ஆணின் திருமண வயது 21 என்பதால், அதுவரை தனித்து வாழ இயலாது எனச் சிலர் கருதுகின்றனர். இது தவறாகும். ஆண் 21 வயதை அடையாதபோதும், உரிய வயதடைந்த இருவர் சேர்ந்து வாழலாம் என 2018 ஏப்ரலில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பராமரிப்பும் சொத்துரிமையும்

உரிய வயது பெற்றோரின் பொறுப்பையும் குறைக்கிறது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாதவர் போன்ற விலக்குகள் தவிர, 18 வயதுக்குப் பின் மகன் பெற்றோரிடம் பராமரிப்புத் தொகை கோர இயலாது. இந்துச் சட்டத்தின்படி, தம் வருவாயில் வாழ இயலாத மணமாகாத மகளுக்கு அவ்வுரிமை தொடர்கிறது. வீட்டை விட்டு வெளியேறியதால் மட்டும் ஒருவர் வாரிசுரிமையை இழப்பதில்லை. ஆனால், பெற்றோர் தாம் ஈட்டிய சொத்தை உயில் மூலம் பிறருக்கு அளிக்கலாம்.

பிற நாடுகளில்

இலங்கையில் 21 ஆக இருந்த உரிய வயது 1989 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. மலேசியாவில் 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 ஆகும். சப்பானில் 2022 ஏப்ரல் 1 முதல் 20 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. இங்கிலாந்தில் பெற்றோரின் பொறுப்பு 18 வயது வரை நீடித்தாலும், 16 வயது நிறைந்தவரை வீடு திரும்ப நீதிமன்றம் ஆணையிடுவது அரிது. ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 18 ஆகவும், அலபாமா, நெப்ராசுக்கா ஆகியவற்றில் 19 ஆகவும், மிசிசிப்பியில் 21 ஆகவும் உள்ளது. கலிபோர்னியாவில் 14 வயது நிறைந்த ஒருவர், பெற்றோரின் இசைவுடன் தனித்து வாழ்ந்து, தம் பணத்தைத் தாமே நிருவகித்து வந்தால், பெற்றோரின் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு நீதிமன்றத்தைக் கோரலாம்.