புறம்போக்கு

தளவாய்புரம் என்ற ஊர்ப்பெயரில் உள்ள ‘புரம்’ ஊரைக் குறிக்கும்; புறம்போக்கின் ‘புறம்’ வெளியை. ஓர் எழுத்துதான் வித்தியாசம். புறம் + போக்கு: தீர்வைக் கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலம். நிலவரித் திட்டத்தில் தீர்வை விதிக்கப்படாமல், ஊர்ப் பொதுவுக்கென ஒதுக்கியவை இவை: கண்மாய், ஓடை, வண்டிப்பாதை, மந்தை, மயானம். வரி வராத நிலம் என்றாலும், ஊருக்குத் தண்ணீர் வந்தது இதன் வழியாகத்தான்.

‘புறம்போக்கு’ என்ற சொல் எப்போது வசைச்சொல் ஆனதோ, எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உதவாக்கரை என்ற பொருளில் ஒருவரைத் திட்டப் பழகிய நாக்கு, ஓடையையும் உதவாததாகத்தானே எண்ணும்? மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் மழைநீரை நம்பிய இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் அப்படி எண்ணக் கூடாது.

சட்டம் அப்படி எண்ணவில்லை. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாடு 2007-இல் தனிச்சட்டமே இயற்றியது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்கும்படி 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

ஒன்று மட்டும் கவனம்: நத்தம் என்பது குடியிருப்புக்கானது, அதில் வீட்டுமனைப் பட்டா உண்டு. நீர்நிலைப் புறம்போக்கு அப்படியல்ல. மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு நிற்காமல், நில வகையைச் சொல்லும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். ஓடை எங்கே போகிறது என்று படத்தில் தெரியும்.