விடுவிப்பை முன்னிட்டு நிற்காத எதிர்நோக்கு: போன்ஹோஃபரின் சிறைக் கடிதங்களில் தனிமையும் இறைநம்பிக்கையும்

ஜெர்மானிய லூத்தரன் இறையியலாளரும் போதகருமான டீட்ரிக் போன்ஹோஃபர் (1906–1945) சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள், 1951இல் அவருடைய நண்பர் எபர்ஹார்ட் பெத்கேயால் நூலாகத் தொகுக்கப்பட்ட நாள்முதல், இரு வேறு திசைகளில் படிக்கப்பட்டு வருகின்றன. பக்தி நோக்கில் படிப்போர், 1944 டிசம்பரில் அவர் இயற்றிய புத்தாண்டுக் கவிதையை முன்வைத்து, துன்பத்தின் நடுவே கடவுளைப் பற்றிக்கொண்ட அடியவராக அவரைக் காண்கின்றனர். கல்விப்புலத்தாரோ, அதே ஆண்டின் ஏப்ரல் இறுதியிலிருந்து எழுதப்பட்ட கடிதங்களில் வரும் ‘சமயம் சாராக் கிறிஸ்தவம்’ என்னும் கருத்தை, அதாவது மனிதனின் இயலாமையைக் காட்டிக் கடவுளுக்கு இடம் தேடும் வழக்கத்தைக் கைவிட்ட விசுவாசத்தை, முன்வைத்து அவரை ஒரு சமய விமர்சகராகக் காண்கின்றனர். ஆறுதல் தேடுவோர் விமர்சனத்தைத் தாண்டிச் செல்ல, விமர்சனத்தை விரும்புவோர் ஆறுதலை ஒரு பலவீனமான ஒட்டாகக் கருதுகின்றனர். இவ்விரண்டையும் பிரித்தால் இரண்டுமே பொருளிழக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்: இடுக்கண் வரும்போது இறங்கிவந்து மீட்கும் கடவுளை அவர் மறுத்ததனாலேயே, மீட்பு வராத நாள்களிலும் குலையாத ஒரு நம்பிக்கை அவருக்குக் கைகூடியது.

போன்ஹோஃபர் 1943 ஏப்ரல் 5ஆம் நாள் கைது செய்யப்பட்டு, பெர்லினின் டேகல் பகுதியிலிருந்த இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார். இட்லர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற வட்டத்தின் மையத்திலிருந்த அவருடைய மைத்துனர் ஹான்ஸ் ஃபான் டோனானியும் அதே நாளில் கைதானார். மரியா ஃபான் வேடமேயருடன் போன்ஹோஃபருக்கு மணம் உறுதியாகி அப்போது மூன்று மாதங்களும் நிறைவடையவில்லை. ஓராண்டுக்குப் பின் அவர் எழுதிய சிறை அறிக்கையின்படி, முதல் இரவில் தரப்பட்ட போர்வைகளைப் போர்த்திக்கொள்ள முடியாத அளவுக்குத் துர்நாற்றம் வீசியது. அடுத்த 12 நாள்கள் உணவு வைக்கவும் மலவாளியை எடுக்கவும் மட்டுமே அறைக்கதவு திறந்தது. அவருடன் பேசக் கூடாதென்று காவலர்களுக்கு ஆணையிடப்பட்டிருந்தது. தனிமை என்னும் சொல்லை இங்கு நேர்ப்பொருளிலேயே கொள்ள வேண்டும்: விரும்பி ஏற்கும் துறவுத் தனிமையன்று இது, மற்றொருவர் கையிலிருக்கும் சாவியால் நிலைநிறுத்தப்படும் தனிமை.

அந்த முதல் வாரங்களில் துண்டுக் காகிதங்களில் அவர் குறித்துவைத்த சில சொற்றொடர்கள் எஞ்சியுள்ளன. காலம் வெறுமையாகக் கழிவது, நினைவுகள் சுமையாவது, பொறுமையின்மை ஆகியவற்றுக்கிடையே தற்கொலை பற்றிய குறிப்பும் அவற்றில் இடம்பெறுகிறது. குற்ற உணர்வால் எழுந்த எண்ணம் அன்று அது. அடிப்படையில் தான் ஏற்கெனவே இறந்துவிட்டவனாகத் தோன்றியதால் எழுந்தது. இக்குறிப்பை மறைத்து எழுதப்படும் வரலாறுகள் அவருக்கு நன்மை செய்வதில்லை. எதிர்நோக்கு, அதாவது இன்னும் வராத நன்மையை நோக்கிய உறுதியான காத்திருப்பு, அவரிடம் இயல்பான மகிழ்ச்சிக் குணமாக அமைந்திருந்ததென்று கொள்ள இயலாது. அற்றுப்போன ஓரிடத்திலிருந்தே அது மீண்டும் கட்டப்பட வேண்டியிருந்தது.

கட்டிய முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. சங்கீதங்களை நாள்தோறும் ஓதும் பல்லாண்டுப் பழக்கத்தை அவர் விடாமல் தொடர்ந்தார்; முப்பதாண்டுப் போரின் அழிவுகளைக் கண்ட 17ஆம் நூற்றாண்டுப் பாடலாசிரியர் பவுல் கெர்ஹார்ட்டின் ஞானப்பாட்டுகளை மனனம் செய்தார்; உடற்பயிற்சி, வாசிப்பு, எழுத்து எனப் பகற்பொழுதை வகுத்துக்கொண்டார். இது திடீரென்று கண்டெடுத்த உபாயமன்று. ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய போதகர் பயிற்சிப்பள்ளியை 1937இல் கெஸ்டபோ என்னும் இரகசியக் காவல்துறை மூடிய பின்னர், அங்கு வாழ்ந்த கூட்டு வாழ்வைப் பற்றி எழுதி 1939இல் வெளியிட்ட சிறுநூலில், கூடி வாழ்வதும் தனித்திருப்பதும் ஒன்றையொன்று காக்கும் என்று அவர் விளக்கியிருந்தார். தனித்து இருக்கத் தெரியாதவனுக்குக் கூட்டம் ஆபத்து, கூட்டத்தில் நில்லாதவனுக்குத் தனிமை ஆபத்து என்பது அதன் சாரம். சங்கீதம் ஓதுதல் இங்கு ஒரு தனிமனிதனின் மன ஆறுதலாக நின்றுவிடவில்லை. பிறர் இயற்றியதும், பல தலைமுறையினர் ஓதியதும், அதே நேரத்தில் வேறிடங்களில் ஓதப்படுவதுமான சொற்களைச் சொல்வதன் வாயிலாக, சுவர் பிரித்துவைத்த ஒருவர் சபையோடு இணைந்திருக்கிறார். உணர்ச்சி வற்றிய நாளிலும் ஓத முடிவது இம்முறையின் வலிமை. நம்பிக்கையை அது மனநிலையிடம் ஒப்படைப்பதில்லை.

இவ்விடத்தில் எழக்கூடிய ஒரு மறுப்பைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. போன்ஹோஃபரின் தாய்வழி உறவினரான ஜெனரல் பவுல் ஃபான் ஹாசே பெர்லின் நகர இராணுவத் தளபதியாக இருந்தார். அவ்வுறவு தெரிந்தவுடன் சிறையில் நடத்தும் விதம் சட்டென மாறியது. வீட்டிலிருந்து உணவும் நூல்களும் வந்தன. 1943 நவம்பர் 18 முதல், நல்லெண்ணம் கொண்ட காவலர்களின் உதவியால், தணிக்கைக்கு உட்படாத நீண்ட கடிதங்கள் பெத்கேயைச் சென்றடைந்தன. வதைமுகாம்களில் பெயரற்றுக் கிடந்த இலட்சக்கணக்கானோருக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஆகவே அவருடைய அனுபவத்தைத் துன்பத்தின் உச்சமாகக் காட்டி அதிலிருந்து பொதுவிதி வகுப்பது தவறு. இச்சலுகையை அவரே கூச்சத்துடன் பதிவுசெய்கிறார் என்பதையும், தமக்குக் கிடைத்த வசதியை மற்றக் கைதிகளுக்காகப் பேசவும் எழுதவும் பயன்படுத்தினார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1943 கிறிஸ்துமஸையொட்டி உடன்கைதிகளுக்காக அவர் எழுதிய ஜெபங்கள் சிறைக்குள் வழங்கப்பட்டன. ஒருமுகப்பட முடியவில்லை, உள்ளே இருள் சூழ்ந்திருக்கிறது என்னும் ஒப்புதல் அவற்றில் மறைவின்றி இடம்பெற்றுள்ளது.

மேற்சொன்ன இரு போன்ஹோஃபர்களும் ஒருவரே என்பதைக் காட்டும் மிகச்சிறந்த சான்று, இறையியல் வாதம் எதுவுமில்லாத ஒரு சிறு நிகழ்ச்சியில் உள்ளது. டேகல் சிறைக்கு அருகிலேயே போர்சிக் ஆலை இருந்ததால் பெர்லின்மீதான வான்தாக்குதல்கள் அப்பகுதியைக் கடுமையாகத் தாக்கின. 1944 ஜனவரி இறுதியில், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓர் இரவில், மற்ற வேளைகளில் விளையாட்டுத்தனமாகத் திரியும் ஒருவர் அவரருகே தரையில் கிடந்தபடி கடவுளை அழைத்து அலறினார். அவருக்குச் சமய மொழியில் தேறுதல் சொல்லத் தம்மால் இயலவில்லை என்றும், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் பத்து நிமிடங்களுக்கு மேல் இது நீடிக்காது என்று மட்டும் சொன்னதாகவும் பெத்கேக்கு எழுதுகிறார். அச்சத்தின் உச்சத்திலிருக்கும் மனிதனிடம் கடவுளைப் புகுத்துவது அவன் இயலாமையைச் சூறையாடுவதாகும் என்பது அவர் எண்ணம். போதகர் ஒருவர் அந்நேரத்தில் ஜெபிக்காமல் நேரத்தைச் சொன்னது குறைபாடாகத் தோன்றலாம். ஆயினும் மூன்று மாதங்களுக்குப் பின் எழுதப்படவிருந்த வாதங்கள் யாவும் அச்செயலுக்குள் ஏற்கெனவே அடங்கியிருந்தன.

அடுத்த மாதமே, பிப்ரவரி 21ஆம் நாள் கடிதத்தில், விதியை எதிர்த்து நிற்க வேண்டிய இடம் எது, அதற்குப் பணிய வேண்டிய இடம் எது என்ற வினாவை அவர் எழுப்புகிறார். கேலிக்கிடமாகும்வரை எதிர்ப்பவனுக்கு டான் குயிக்ஸோட்டையும், நீதிக்காகத் தொடங்கிக் குற்றத்தில் முடிபவனுக்கு கிளைஸ்டின் கதைமாந்தனான மிகாயேல் கோல்ஹாஸையும் எடுத்துக்காட்டுகிறார். எல்லைக்கோட்டைப் பொதுக் கொள்கையாக வரைய முடியாது என்பதும், இரண்டும் ஒருங்கே இருந்தாக வேண்டும் என்பதும் அவர் முடிவு. மனிதனை எதிர்கொள்வது பல வேளைகளில் முகமற்ற ‘அது’வாகவே வருகிறது, அந்த ‘அது’வுக்குள்ளிருந்து ‘நீ’ என விளிக்கத்தக்கவரைக் கண்டடைவதே விசுவாசத்தின் போராட்டம் என்கிறார். தொகுப்பின் ஜெர்மானியத் தலைப்பு, எதிர்ப்பையும் ஒப்படைப்பையும் இணைத்து, இக்கடிதத்தையே நினைவுபடுத்துகிறது. நடப்பதெல்லாம் இறைசித்தம் என்று கைகட்டி அமரும் பழக்கத்துக்கு இங்கு இடமில்லை: அநீதியை ‘அது’ என்று எதிர்க்காமல் ‘நீ’ என்று பணிபவர், கடவுளைக் கொடுங்கோலனோடு குழப்பிக்கொள்கிறார்.

1944 கோடைகாலக் கடிதங்கள் இதைக் கோட்பாடாக்குகின்றன. இயற்பியலாளர் வைட்செக்கரின் நூலைப் படித்தபின் மே 29இல் எழுதிய கடிதத்தில், அறிவின் இடைவெளிகளை அடைக்கும் பொருளாகக் கடவுளைப் பயன்படுத்தலாகாது என்கிறார். அறிவு வளர வளர அக்கடவுள் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். துன்பம், சாவு, குற்றம் ஆகியவற்றுக்கும் இதே அளவுகோலை நீட்டுவதில்தான் அவர் தம் காலத்தவரிடமிருந்து விலகி நிற்கிறார். சிக்கல் முற்றியதும் மேடைமேல் இறக்கப்படும் பண்டைய நாடகத் தெய்வத்துக்கு எதிராக, சிலுவையில் கைவிடப்பட்டதாகக் கதறிய இயேசுவை ஜூலை 16ஆம் நாள் கடிதம் நிறுத்துகிறது: கடவுள் தம் வல்லமையினால் உதவவில்லை, பலவீனத்தினாலும் துன்பத்தினாலும் உதவுகிறார். ஜூன் 27ஆம் நாள் கடிதமும் இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. உயிர்த்தெழுதலைப் பற்றிய எதிர்நோக்கு மனிதனை மறுவுலகுக்குத் தப்பவிடுவதில்லை; முற்றிலும் புதியதொரு முறையில் அவனை இவ்வுலக வாழ்வுக்கே திருப்பியனுப்புகிறது என்பது அக்கடிதத்தின் கருத்து.

துன்புறும் கடவுளால் எப்படி உதவ முடியும் என்ற கேள்வி இயல்பானது. போன்ஹோஃபர் இதற்கு நிறைவான விடை தரவில்லை என்றே கொள்ள வேண்டும். எழுதத் திட்டமிட்ட நூலின் வரைவுச் சுருக்கம் மட்டுமே கிடைத்துள்ளது, 1944 செப்டம்பர்க் கடிதங்களைத் தாமே கைதான வேளையில் பெத்கே எரித்துவிட நேர்ந்தது. இருப்பினும் விடையின் திசை புலப்படுகிறது. மீட்பை நிபந்தனையாக்கும் நம்பிக்கை, மீட்பு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கடவுள் இல்லாமைக்கான சான்றைச் சேர்த்துக்கொண்டே போகிறது. தனிமைச் சிறையில் அச்சான்று விரைவாகக் குவியும். கடவுளைத் துன்பத்துக்கு வெளியே நிற்பவராகக் கருதாமல் அதனுள் நிற்பவராகக் கண்டால், தாமதம் சான்றாவதில்லை. ஜூலை 20ஆம் நாள் இட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்றதையும், அதனால் தம் உயிருக்கு நேரவிருப்பதையும் அறிந்த நிலையில், மறுநாளே எழுதிய கடிதம் கலங்காமலிருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

கலங்காமை செயலின்மையாகவும் மாறவில்லை. செப்டம்பர் இறுதியில் காவலர் ஒருவருடன் தப்பிச் செல்லத் திட்டம் உருவாகி, குடும்பத்தார் தொழிலாளர் உடையும் பணமும் கொண்டுவந்து சேர்த்திருந்தனர். அண்ணன் கிளாஸ் கைதானதும், தம் தப்புதல் குடும்பத்தாரைப் பாதிக்கும் என்று போன்ஹோஃபர் அதைக் கைவிட்டார். பிப்ரவரிக் கடிதம் வரைய மறுத்த எல்லைக்கோடு இங்கு ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மனிதர்களின் பொருட்டு வரையப்பட்டது. அக்டோபர் 8இல் கெஸ்டபோ தலைமையகச் சிறைக்கு மாற்றப்பட்ட அவர், 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்பியூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவர் சலனமின்றி ஜெபித்து உயிர்விட்டதாக முகாம் மருத்துவர் பின்னாளில் தந்த சாட்சியம் பக்தி நூல்களில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. கொலைக்களத்தின் ஊழியரான ஒருவருக்கு அத்தகைய அமைதியான காட்சி வசதியானது என்பதால் வரலாற்றாசிரியர்கள் அதை ஐயுறுகின்றனர். போன்ஹோஃபரின் நம்பிக்கையை நிறுவ அச்சாட்சியம் தேவையுமில்லை.

தேவைப்படுவது 1944 டிசம்பர் 19ஆம் நாள் மரியாவுக்கு எழுதிய கடிதமும் அதனுடன் அனுப்பிய கவிதையுமே. இன்று ஜெர்மானியத் தேவாலயங்களில் புத்தாண்டுப் பாடலாக ஒலிக்கும் அக்கவிதையைப் பாதுகாப்பின் வாக்குறுதியாகப் படிப்பதற்கு அதன் கட்டமைப்பே தடையாக உள்ளது. கசப்பான பாத்திரம் நீட்டப்பட்டால் அதை ஏற்கும் மனத்தையும், இவ்வுலகின் மகிழ்ச்சியும் கதிரவன் ஒளியும் மீண்டும் கிடைத்தால் அவற்றை ஏற்கும் மனத்தையும் அது அடுத்தடுத்து வைக்கிறது. பிரிந்தோர் மீண்டும் கூட வேண்டும் என்று கேட்கவும் தயங்கவில்லை. இவற்றுள் எது நிகழும் என்று அது முன்னுரைக்கவில்லை. கடவுளின் உடனிருப்பைப் பற்றிய அதன் உறுதி, அவ்விடையை எதிர்பார்த்து நிற்பதுமில்லை.