ஜாவா வெளிவந்த வருடம் நாம் எங்கே இருந்தோம்?

 

"உயர்தரத்தில் ஐசிடி நல்லாச் செய்த பிள்ளை, கெம்பஸ் போனதும் ஒப்ஜெக்ட் ஓரியண்டட் பாடத்தில் தடுமாறுது. இது என்ன புதுப் பாடம் சேர்?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அது புதுப் பாடம் அல்ல. எங்களிடம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது. அந்தத் தாமதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பாடசாலையில் மாணவர் பதிவட்டை இருக்கிறதல்லவா? அச்சிட்ட வெற்று அட்டை ஒரு மாதிரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரப்பிய அட்டை தனித்தனிப் பொருள். பெரிய செய்நிரலை இப்படி மாதிரிகளாகவும் பொருள்களாகவும் பிரித்து எழுதும் முறையை நோர்வேயின் ஒஸ்லோவில் டால், நைகார்ட் என்ற இருவர் சிமுலா 67 மொழியில் கொண்டுவந்தார்கள். ஆண்டு 1967. அதைப் பார்த்துப் பழகிய ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய வேலைதான் பின்னர் சீ பிளஸ் பிளஸ் ஆனது. யாழ்ப்பாண வளாகம் தனிப் பல்கலைக்கழகமானதும் அதே 1979இல்தான். அதுவரை நாம் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை.

1995 மே மாதம் சன் நிறுவனம் ஜாவாவை அறிமுகப்படுத்தியது. உலகமெங்கும் கல்லூரிகள் இந்த முறைக்கு மாறத் தொடங்கிய காலம் அது. இங்கோ பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோர், ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரம் படித்தோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வருடம் ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு வந்தது.

அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலுமாகச் சுமார் 75,000 பேர். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைக்குக் கணினி அல்ல, மேசையே இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் இழந்தவை வேறு வேறு. ஆனால் இரு பக்கத்துப் பிள்ளைகளும் இழந்த ஒன்று உண்டு: இடையறாமல் படிப்படியாகப் படிக்கும் வாய்ப்பு.

2002இல் ஏ9 பாதை திறந்தது. குடும்பங்கள் சிறிது சிறிதாகத் திரும்பின. இன்று யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் கணினிப் பொறியியல் துறை இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்க, கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய வெளிவாரி பிஐடி பட்டமும் உண்டு.

இனிப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். உயர்தரத்தில் பிள்ளை பைத்தன் படிக்கிறது. பொருள்நோக்கு முறை அங்கே பெரும்பாலும் அறிமுகத்தோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகத்தின் இடைநிலைப் பாடமோ, மாறிகள், மடக்குகள், சார்புகள் எல்லாம் கைக்குப் பழகிவிட்டன என்று எடுத்துக்கொண்டு அதற்கு மேலே தொடங்குகிறது. தடுமாற்றம் அந்த இடைவெளியில்தான். பிள்ளையின் மூளையில் அல்ல.

ஆகவே மூன்று மாத சேட்டிபிக்கற்றோடு நிறுத்திக் கடைக்கு அழைத்துவிடாதீர்கள். உயர்தரப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் தினமும் ஒரு மணித்தியாலம் செய்நிரல் எழுத விடுங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களிடமும் வாசிகசாலைகளிடமும் ஒரு வேண்டுகோள்: இரண்டு பழைய கணினியும் கெம்பஸ் படிக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ கிடைத்தால் போதும், சனிக்கிழமை வகுப்பொன்றைத் தொடங்கலாம்.

அன்று படியை உடைத்தது யுத்தம். இன்று உடைந்தால் அதற்குக் காரணம் நாம்தான்.